அணிக்காக மெதுவாக ஓடச் சொல்லலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. இல்ல விளையாட்டுப் போட்டிக்காலம் என்பதால் ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமையாக வாசித்தால் நல்லது.

போன வாரம் சுபஹு தொழுதுவிட்டு போனை எடுத்தால் வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜ். என்னிடம் படித்த ஒரு பிள்ளை. இப்போது அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் படிக்கிறான், அந்தக் கல்லூரியின் க்ரொஸ் கன்ட்ரி அணியிலும் ஓடுகிறான். நம்முடைய பத்திரிகைகளில் நகர்வல ஓட்டம் என்று எழுதுவார்களே, அதேதான். புல்தரை, சேறு, மேடு பள்ளம் என்று எட்டுக் கிலோமீற்றர்.

அவன் கேட்டது இது: "சேர், முதல் ஐந்து கிலோமீற்றரும் அணியில் எல்லாரும் ஒன்றாகவே ஓட வேண்டும் என்று கோச் சொல்கிறார். எனக்கு முன்னால் போகிறவர்களோடு போகலாம் போல இருக்கிறது. போனால் நல்ல இடம் வரும். போகாவிட்டால் அணிக்கு நல்லது என்கிறார். நான் என்ன செய்ய?"

நுகேகொடையில் 138இல் ஏறி கிருலப்பனை தாண்டும்வரை அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. அதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னர் இதே விஷயத்தில் நான் ஒரு பிள்ளைக்குப் பிழை செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஓட்டத்தில் புள்ளி போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் ஓர் அணிக்கு வழமையாக ஏழு பேர். அவர்களில் முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை வந்த அணிக்கே வெற்றி. ஒரே அணியின் ஐந்து பேரும் 1, 2, 3, 4, 5 என்று வந்தால் 15 புள்ளி. அதற்குக் கீழே போக முடியாது.

ஒரு கணக்குப் பாருங்கள். முதல் அணியின் ஆட்கள் 1, 2, 20, 30, 40 ஆகிய இடங்களில் வருகிறார்கள். கூட்டினால் 93. இரண்டாவது அணியில் ஒருவருக்கும் பதக்கம் இல்லை, 9, 10, 11, 12, 13 ஆகிய இடங்களில் வருகிறார்கள். கூட்டினால் 55. கேடயம் அவர்களுக்குத்தான். முதலாவதும் இரண்டாவதும் வந்த அணி கைதட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆறாவது, ஏழாவது ஆட்கள் சும்மா இல்லை. அவர்களின் இடம் கூட்டலில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டால் அவனுடைய இடம் ஒன்று, இரண்டு பின்னுக்குப் போகும். தன் கணக்கில் சேராதவனும் அணிக்கு உழைக்கிறான்.

2022ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியக் கல்லூரிப் போட்டி ஒக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வோட்டரில் நடந்தது. நோர்தன் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு 83. சொந்த மண்ணில் ஓடிய ஒக்லஹோமா ஸ்டேட்டுக்கும் 83. இரண்டு அணிகளின் முதல் ஆளுக்கு முதல் ஆள், இரண்டாவது ஆளுக்கு இரண்டாவது ஆள் என்று ஐவரையும் ஒப்பிட்டுப் பார்த்து நோர்தன் அரிசோனாவுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். ஒக்லஹோமா ஸ்டேட்டின் அந்த ஐந்து பேரில் யாராவது ஒருவர், கடைசி மீற்றர்களில் வேறோர் அணியின் ஒரே ஒரு ஆளைத் தாண்டியிருந்தால் 82. தேசிய சாம்பியன். தனிநபராக அன்று முதலாவது வந்த சார்ள்ஸ் ஹிக்ஸ் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்காரர். அவருடைய அணி சாம்பியன் இல்லை.

உலகப் போட்டியிலும் இதே கதைதான். உலக க்ரொஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில் கென்யாவின் ஆண்கள் அணி 1986 முதல் 2003 வரை தொடர்ந்து 18 வருடங்கள் வென்றது. 2002இலும் 2003இலும் நீண்ட தூர ஓட்டத்தில் தனிநபராக முதலில் வந்தவர் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே. அணிக் கிண்ணம் கென்யாவுக்கு.

இந்த விஷயம் நமக்கும் தூரமானதில்லை. 1970இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டத்தில் இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்த லூசியன் ரோசாவை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கிலும் ஓடினார். அதன்பிறகு அமெரிக்காவில் விஸ்கொன்சின் பார்க்சைட் பல்கலைக்கழகத்துக்காக ஓடி, பிற்காலத்தில் அங்கேயே பயிற்றுநராகவும் இருந்தார். ஆசியாவிலேயே தனியாக முன்னால் ஓடிய மனிதர், ஐந்து பேரின் இடத்தைக் கூட்டிப் பார்க்கும் ஓட்டத்துக்குள் போனார். பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்.

இனி என்னுடைய பிழை.

அப்போது நான் வேறொரு பாடசாலையில் ஓர் இல்லத்துக்குப் பொறுப்பாசிரியர். வருடா வருடம் மரதன் என்று ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் வைப்போம். முதல் பத்து இடங்களுக்குப் புள்ளி. அத்தோடு ஒரு மேலதிக விதியும் இருந்தது. ஓர் இல்லத்தின் ஐந்து பேர் முதல் இருபது இடங்களுக்குள் வந்தால் அந்த இல்லத்துக்குத் தனியாக இருபது புள்ளி.

என் இல்லத்தில் ஒரு பையன் இருந்தான். மெலிந்த உடம்பு, அதிகம் பேச மாட்டான், ஓடினால் பிடிக்க முடியாது. முதல் மூன்று பேருக்குள் வந்தால் வலய மட்டத்துக்குப் போகலாம். அவன் வருவான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் நான்கு பேர் இருபதுக்குள் வருவார்கள். ஐந்தாவது பையன்தான் பிரச்சினை. ஆரம்பத்தில் துள்ளி ஓடிவிட்டுப் பாதியில் நடக்கிற ரகம்.

ஓட்டத்துக்குப் பத்து நிமிடத்துக்கு முன்னர் முதலாவது பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மகன், இவனோடு மூன்றரைக் கிலோமீற்றர் வரைக்கும் ஓடு. அவனை நடக்க விடாதே. பிறகு நீ போ."

"சரி சேர்" என்றான். அவ்வளவுதான்.

சொன்னபடி செய்தான். மூன்றரைக் கிலோமீற்றர் தாண்டியபிறகு பறந்தான். ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு வந்து ஆறாவது. ஐந்தாவது பையன் பத்தொன்பதாவது. மேலதிகப் புள்ளி இருபதும் எங்களுக்கு. மிகக் குறைந்த வித்தியாசத்தில் கேடயமும் எங்களுக்கு.

வலய மட்டத்துக்கு வேறு மூன்று பேர் போனார்கள்.

அடுத்த வருடம் அவன் சாதாரண தரம். வீட்டில் டியூஷன் என்றார்கள். ஓட வரவில்லை. என்னைக் கண்டால் சலாம் சொல்வான், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

நம்முடைய நாட்டில் ஒரு சான்றிதழின் பெறுமதி உங்களுக்குத் தெரியும். மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று ஏறினால் விளையாட்டுத் திறமைக்கான விசேட அனுமதியில் பல்கலைக்கழகக் கதவு திறக்கலாம். நேர்முகப் பரீட்சையில் ஒரு வரி கூடும். அந்த ஏணியின் முதல் படி அந்த ஓட்டம். படியில் கால் வைக்கப் போன பிள்ளையைப் பிடித்து நிறுத்தியது நான்தான்.

ஆனால் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பத்தொன்பதாவது பையனை இப்போதும் வெள்ளவத்தையில் இடைக்கிடை காண்பேன். கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு, "சேர், ஞாபகமா? அன்று நான் பத்தொன்பதாவது!" என்பான். பாடசாலை வாழ்க்கையில் அவனுடைய பெயரை ஒலிபெருக்கியில் சொன்னது அந்த ஒரு நாள்தான். அந்தச் சந்தோசம் பொய்யில்லை. அதனால்தான் இதில் தீர்ப்புச் சொல்வது லேசான வேலையில்லை.

பல வருடம் யோசித்து எனக்கு விளங்கியது இதுதான். பிழை அந்தப் பிள்ளையின் ஆசையில் இருக்கவில்லை, அணி என்ற எண்ணத்திலும் இருக்கவில்லை. எங்கள் புள்ளி முறையில் இருந்தது. அந்த முறையில் இருந்த ஓட்டையில் கேடயத்துக்கு ஆசைப்பட்டுக் கை வைத்த என்னிலும் இருந்தது.

அந்த ஐந்து பேரின் இடங்களையும் நேராகக் கூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவன் ஆறாவதாக வராமல் முதலாவதாக வந்திருந்தால் இல்லத்துக்கு ஐந்து புள்ளி குறைந்திருக்கும். இந்த ஓட்டத்தில் குறைவதுதான் லாபம். அவனுடைய ஆசையும் இல்லத்தின் தேவையும் ஒரே பக்கம் இழுத்திருக்கும். க்ரொஸ் கன்ட்ரியின் அழகே அதுதான். முதலாவது ஆள் ஓர் இடம் முன்னேறினாலும் ஒரு புள்ளி, ஐந்தாவது ஆள் ஓர் இடம் முன்னேறினாலும் ஒரு புள்ளி. ஒருவனும் மற்றவனுக்காகத் தன்னைக் குறைக்கத் தேவையில்லை. அவனவன் தன்னால் முடிந்ததை முழுமையாகச் செய்தால் அதுவே அணிக்குச் செய்தது.

பயிற்றுநருடைய கவனம் எங்கே போக வேண்டும் என்பது வேறு விஷயம். முன்வரிசையில் ஓடுகிறவர்களுக்கிடையே இடைவெளி அதிகம். பத்து விநாடி கூடினாலும் குறைந்தாலும் இரண்டு மூன்று இடம்தான் மாறும். நடுவில் கூட்டமாக வருகிறார்கள். அங்கே பத்து விநாடி என்றால் பெரிய போட்டியில் பத்துப் பதினைந்து இடம். ஆகவே ஐந்தாவது பிள்ளையைப் பத்து விநாடி முன்னேற்றுவதுதான் கேடயத்துக்குக் கிட்டிய வழி. அதை ஆறு மாதம் பயிற்சியில் செய்ய வேண்டும். நான் ஆறு மாதம் செய்யாத வேலையை ஓட்டத்தன்று இன்னொரு பிள்ளையின் காலால் செய்விக்கப் பார்த்தேன்.

நம்முடைய பாடசாலைகளில் இதற்கு நேர் எதிரான பிழையும் நடக்கிறது. ஒரு நட்சத்திரப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை எண்ணிக்கைக்கு நிறுத்துவது. சப்பாத்து அவனுக்கு, குளுக்கோஸ் அவனுக்கு, போட்டோ அவனுக்கு. அவனுக்குக் கால் சுளுக்கினால் அந்த வருடம் பாடசாலைக்கு விளையாட்டே இல்லை.

ஜமாஅத் தொழுகையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இமாமாக நின்றால் பின்னால் முதியவரும் நோயாளியும் நிற்பார்கள் என்று நினைத்துச் சுருக்கித் தொழுவிக்க வேண்டும். தனியாகத் தொழும்போது விரும்பிய அளவுக்கு நீட்டிக்கொள்ளலாம். இரண்டுக்கும் மார்க்கத்தில் இடம் இருக்கிறது. மற்றவர்களுக்காகச் சுருக்கச் சொன்னவர்கள், நீட்டுவதற்கும் நேரம் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் சுருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு, நீட்டுவதற்கான நேரத்தைக் கொடுக்காமல் விடுவது அநியாயம்.

பொறுப்பாசிரியர்களிடம் என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, மரதனுக்கு இல்லப் புள்ளியை முதல் ஐந்து பேரின் இடத்தைக் கூட்டிப் போடுங்கள். மேலதிகப் புள்ளி, விசேடப் புள்ளி என்று ஓட்டை வைக்காதீர்கள்.

இரண்டு, ஒரு பிள்ளையிடம் விட்டுக்கொடுக்கச் சொல்வதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளையும் வீட்டாரும் யோசிக்க நேரம் வேண்டும். கோட்டில் நிற்கும் பிள்ளையால் ஆசிரியருக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவன் வலய மட்டத்துக்குப் போவது அந்த ஓட்டத்தில்தான் தீர்மானமாகிறதென்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்று, பரிசளிப்பில் ஐந்து பேரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். ஐந்தாவது பிள்ளையின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அது எத்தனை வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு அன்று பின்னேரம் பதில் அனுப்பினேன். "உன்னுடைய கோச் சொல்வதும் நான் அன்று செய்ததும் ஒன்றில்லை, மகன். எட்டில் ஐந்தைப் பொறுமையாக ஓடச் சொல்கிறார். ஆரம்பத்திலேயே பாய்ந்து கடைசியில் சாகாமல் இருக்க உனக்கும் அது நல்லதாக இருக்கலாம். நீ ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள். கடைசி மூன்று கிலோமீற்றரும் உன்னுடையதா? அப்போது எவ்வளவு முன்னால் போகவும் உனக்கு அனுமதி இருக்கிறதா? ஆம் என்றால் கூட்டத்தோடு ஓடு. இல்லை, முடிவுவரை இன்னொருவனுக்காக நில் என்றால், ஓட்டத்துக்கு முன்னரே மரியாதையாக உன் பக்கத்தைச் சொல்லு. அணி தகுதி பெறாவிட்டாலும் முன்னால் வந்த ஆள் தனியாகத் தேசியப் போட்டிக்குப் போக அங்கே வழி இருக்கிறது. அந்த வழியை நீயே மூடிக்கொள்ளாதே."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சரி சேர்."

அந்த இரண்டு சொல்லையும் கண்டதும் எனக்கு மனம் கேட்கவில்லை. உடனே கோல் எடுத்தேன். "சரி என்றால் என்ன சரி? நீ என்ன நினைக்கிறாய், அதைச் சொல்லு" என்றேன். அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் அவன்தான் பேசினான்.

அன்றைக்கும் ஓட்டத்துக்கு முன்னால் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பிள்ளைகளுக்காக துஆச் செய்யுங்கள்.