ஆண்பிள்ளை எப்போது பெரியபிள்ளை ஆவான்?

பெண்பிள்ளை பருவமடைந்தால் உறவினரைக் கூட்டிச் சடங்கு வைக்கிறோம். அன்று முதல் அவள் எப்படி நடக்கவேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்பவேண்டும் என்று ஊரே கற்பிக்கிறது. ஆண்பிள்ளை எப்போது பெரியவனாகிறான்? 18 வயதில் என்கிறது இலங்கைச் சட்டம். அவனைப் பெற்றவளைக் கேட்டால் பதில் வேறு.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவிக்கரையை ஒட்டிய தன்னாமுனைப் பக்கத்தில் அந்தப் பதிலைக் கேட்டேன். மகனுக்கு வயது 26. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மனைவி வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்கிறாள். அவள் அனுப்பும் பணத்தில் மோட்டார் சைக்கிளின் தவணை போக, மிகுதி சாராயத்துக்குப் போகிறது. பிள்ளைகள் அம்மம்மாவின் பொறுப்பு. "அவன் சின்னப் பொடியன்தானே ஐயா, போகப்போகத் திருந்துவான்" என்றார் தாய்.

எங்கள் பகுதியின் வழமை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும்; மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேர்வான். அது நல்ல வழமை. கணவன் கைவிட்டாலும் பெண்ணுக்குக் கூரை மிஞ்சும். ஆனால் அவளுக்குக் காவலாக ஏற்பட்ட வழமையைச் சிலர் தமக்குக் கிடைத்த விடுமுறையாக்கிக் கொண்டார்கள். நேற்றுவரை தாய் போட்ட சோற்றை இன்று மாமியார் போடுகிறார், அவ்வளவுதான் மாற்றம்.

அரசும் இந்த மாமியாரைப் போலவே நடந்துகொண்டது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகமுடியாதென்றார்கள். 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையின் வயதைக் காட்டித் தாயை மறித்தவர்கள், வெளிநாடு போகும் தகப்பனிடம் அப்படியொரு அறிக்கையைக் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும் தகப்பன் என்ன செய்கிறான் என்பதற்கோ, தாய் இல்லாத வீடு கெட்டுப்போகும் என்ற ஒற்றை வரியே போதுமானதாயிற்று.

போர் அவனைக் கெடுத்துவிட்டது, வேலை இல்லை, வழிகாட்டத் தகப்பன் இல்லை என்பார்கள். இவற்றில் பொய்யில்லை. ஆனால் அவன் மனைவி எந்த நாட்டில் வளர்ந்தாள்? அதே ஷெல்லடிக்குள், அதே இடம்பெயர்வுக்குள், அதே வறுமைக்குள்தானே? அவளை மட்டும் அந்தப் போர் எப்படிப் பொறுப்புள்ளவளாக்கியது? அவளிடம் எல்லோரும் பொறுப்பைக் கேட்டார்கள். அவனிடம் யாரும் கேட்கவில்லை. வேலையில்லாதவனுக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விடக் கைகால் உண்டு.

ஆகவே கேட்போம். மருமகனை மாமியார் கேட்கட்டும். மகனைத் தாய் கேட்கட்டும். தடுப்பூசிக் கிளினிக்குக்கும் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்துக்கும் ஏன் வரவில்லை என்று கோயில் நிர்வாகமும் விளையாட்டுக் கழகமும் கேட்கட்டும். வெளிநாட்டுப் பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே போகட்டும். உழைத்தும் பிள்ளைக்குக் கொடுக்காதவன்மீது தாபரிப்பு வழக்குப் போடலாம். போதிய வசதியிருந்தும் பிள்ளையைக் கைவிடும் பெற்றோரிடம் மாதாந்தப் பணம் வாங்கித்தர 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. குடும்ப மானம் போகுமென்று அஞ்சவேண்டாம். பிள்ளையின் பால்மாக் காசில் குடிக்கும்போதே அது போய்விட்டது.

26 வயதுத் தகப்பனைச் சின்னப் பொடியன் என்று கொஞ்சுகிறவர்கள், அந்த வீட்டில் உண்மையாகவே சின்னப் பிள்ளைகள் இரண்டு இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.