காட்டின்மீது சுமத்திய பழி

ஆங்கிலத்தில் 'சவேஜ்' என்றொரு பெயரடை உண்டு. கொடிய, மூர்க்கமான, ஈவிரக்கமற்ற என்றெல்லாம் அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். நாமும் வகுப்பறைகளில் அவ்வாறே கற்பித்து வருகின்றோம். ஆயின், சொல்லின் பொருளைக் கூறுவதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடுமா? அச்சொல் யாரால், யார்மீது, எதன்பொருட்டு வீசப்பட்டது என்பதையும் கூறவேண்டாமா?

காட்டைக் குறிக்கும் 'சில்வா' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், காட்டுக்குரியதையும் பழக்கப்படாததையும் குறித்தது, கொடுமையையும் குறிக்கலாயிற்று. பிறர் நிலத்தைக் கவரப் புறப்பட்டோருக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே கைகொடுத்தன. காட்டில் வாழ்பவன் கொடியவன். கொடியவனுக்கு நிலமேது, நீதியேது? மனித சமத்துவத்தை முழங்கிய 1776ஆம் ஆண்டின் அமெரிக்க சுதந்திரப் பிரகடனமே, அம்மண்ணின் பூர்வகுடிகளை இச்சொல்லால்தான் இகழ்ந்தது.

கென்யாவைப் பார்ப்போம். தம் நிலத்தை வெள்ளைக் குடியேறிகளிடம் இழந்த கிக்குயு மக்களிடையே மௌமௌ கிளர்ச்சி மூண்டது. 1952 அக்டோபரில் பிரித்தானிய ஆட்சி அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. அபர்டேர் மலைக்காடுகளிலே மறைந்து போராடியோருக்குச் 'சவேஜ்' என்ற பட்டம் ஆயத்தமாகவே இருந்தது.

அவர்கள் கொலை செய்யவில்லையா எனச் சிலர் வினவுவர். செய்தனர். 1953இல் லாரி என்னுமிடத்தில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதை நாம் மறைக்கவில்லை, அதனை நியாயப்படுத்தவுமில்லை. நமது வினா வேறு. கிளர்ச்சியிலே கொல்லப்பட்ட வெள்ளைக் குடியேறிகள் 32 பேர். தூக்கிலிடப்பட்ட ஆபிரிக்கரோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1959 மார்ச்சில் ஹோலா தடுப்பு முகாமிலே, கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்ட கைதிகளுள் 11 பேர் காவலரால் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் குடித்த தண்ணீரே சாவுக்குக் காரணம் என்பதுபோல அரசு முதலில் அறிக்கை விடுத்தது! இந்த அறிக்கையை எழுதிய கைக்கு என்ன பெயரடை வழங்கினார்கள்?

2013இல் பிரித்தானிய அரசு பாராளுமன்றத்திலே வருத்தம் தெரிவித்தது. சித்திரவதைக்குள்ளான 5,228 பேருக்கென 1 கோடியே 99 இலட்சம் பவுண் வழங்கவும் உடன்பட்டது. அறுபது ஆண்டுகளின் பின் ஒரு 'வருத்தம்'. ஏழையின் வன்முறைக்குப் பெயரடை. அரசின் வன்முறைக்கு 'நடவடிக்கை', 'ஒழுங்கு', 'புனர்வாழ்வு' என்னும் பெயர்ச்சொற்கள். இதுவே ஏகாதிபத்தியத்தின் இலக்கணம்.

இவையெல்லாம் பழங்கதை, இன்று அச்சொல்லைக் கேட்பவர் எவரும் காட்டை நினைப்பதில்லை என்று கூறுவோருமுளர். ஆங்கிலத்தில் அவ்வாறே இருக்கட்டும். நம் தமிழில் நாம் எழுதுவது என்ன? 'காட்டுமிராண்டித்தனம்'! காடு இங்கே மறையவேயில்லை. சொல்லின் முகப்பிலேயே நிற்கின்றது. ஆசிரியர்மீது தடியடி நிகழ்ந்தாலும், மாணவர்மீது துப்பாக்கி நீட்டப்பட்டாலும், நமது கண்டன அறிக்கைகள் இச்சொல்லையே தேடி ஓடுகின்றன. முற்போக்காளராகிய நாமும் இக்குற்றத்திலிருந்து தப்பியவரல்லர்.

ஹோலா முகாமை அமைத்தது காடா? முட்கம்பியும் கோப்பும் முத்திரையும் சம்பளப் பட்டியலும் கொண்ட நவீன அரசல்லவா அமைத்தது? அதன் கொடுமையைக் காட்டின் தலையிலே கட்டும்போது, கொடுமை செய்தவன் நாகரிகத்தின் பிரதிநிதியாகவே தப்பிவிடுகின்றான். காட்டையே வாழ்விடமாகக் கொண்ட மக்களோ, தாம் செய்யாத குற்றத்திற்கு மீண்டுமொருமுறை தண்டனை பெறுகின்றனர்.

கொடுமையைச் சுட்டத் தமிழில் வேறு சொல்லில்லையா? கொடுங்கோன்மை உண்டு, வன்கண்மை உண்டு, ஈவிரக்கமின்மை உண்டு. இவற்றிலும் மேலாக, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறும் வழியுண்டு: இன்னார் கட்டளையிட்டார், இன்னார் அடித்தார், இத்தனை பேர் மாண்டனர். இத்தகைய வாக்கியத்திலிருந்து எந்த ஆட்சியாளனும் எளிதில் நழுவ முடியாது. அதனை எழுத நம் மாணவருக்குக் கற்பிப்போம். முதலில் நாம் கற்றுக்கொள்வோம்.