மூச்சை விடவும் மூலத்தன்மை பெரிதா?

பழைய மோட்டார் கார்களைப் பேணுவோர் மத்தியில் சில விவகாரங்கள் மதக் கோட்பாடுகளைப் போன்றே அணுகப்படுகின்றன. காற்றினால் குளிரூட்டப்படும் இயந்திரத்தைக் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உட்பகுதிக்கு மின்சார வெப்பமூட்டியைப் பொருத்துவது தகுமா, தகாதா என்பது அவற்றில் ஒன்று. கார் தொழிற்சாலையில் இருந்து எவ்வாறு வெளிவந்ததோ அவ்வாறே இருக்கவேண்டும், குளிரைத் தாங்கமுடியாதவர்கள் புதிய கார் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று தூய்மைவாதிகள் ஏளனம் செய்கிறார்கள். இது வெறுமனே இரசனை சம்பந்தப்பட்ட விவகாரமாக இருந்தால் அந்த ஏளனத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால், அதற்கு அஞ்சி மனிதர்கள் நச்சுவாயுவைச் சுவாசிக்கும் நிலை ஏற்படுமானால் அதைக் கேள்விக்குட்படுத்தாமல் விடமுடியாது.

கொழும்பின் வெக்கையில் வாழ்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். எனது எழுத்துக்களைப் படிப்பவர்களில் கணிசமானோர் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பனிக்காலத்தைக் கழிப்பவர்கள் என்பதே அதற்கான பதில்.

முதலில் பிரச்சினையைப் புரிந்துகொள்வோம். சாதாரண கார்களில் இயந்திரத்தைக் குளிரச்செய்யும் நீர் சூடேறி, அந்த வெந்நீரின் வெப்பமே உட்பகுதிக்குக் கிடைக்கிறது. காற்றினால் குளிரூட்டப்படும் இயந்திரத்தில் அத்தகைய நீர் இல்லை. 1963 செப்டெம்பரில் பிராங்பேர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டு, 1998 வரை காற்றுக் குளிரூட்டலுடன் தயாரிக்கப்பட்ட போர்ஷே 911 கார்களை இதற்கான சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம். இயந்திரத்தில் இருந்து புகையை வெளியேற்றும் குழாய்களைச் சுற்றி உலோக உறை ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தின் விசிறி தள்ளும் காற்றின் ஒரு பகுதி அந்த உறைக்குள் சென்று, கொதிக்கும் குழாய்களின் மீது பட்டுச் சூடாகி, காரின் இரு பக்கவாட்டு அடிச்சட்டங்களின் வழியாக உள்ளே வருகிறது. ஆரம்பகால கார்களில் இரு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள நெம்புகோலை உயர்த்தினால் வெப்பம் வரும், தாழ்த்தினால் நிற்கும்.

எளிமையான, புத்திசாதுரியமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால், பயணிகள் சுவாசிக்கும் காற்றையும் நச்சுப் புகையையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய ஓர் உலோகச் சுவர் மாத்திரமே. அந்தச் சுவர் ஐம்பது வருடங்களாக ஒவ்வொரு பயணத்திலும் கொதித்துக் குளிர்ந்து, வீதிகளில் தூவப்படும் உப்பில் நனைந்து, கறள் பிடித்து வந்திருக்கிறது. அதில் ஒரு துவாரம் விழுந்தால் புகை நேராக உள்ளே வரும். அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு (தமிழகத்தில் கார்பன் மோனாக்சைடு என்று எழுதுவார்கள்) நிறமோ மணமோ அற்றது. குருதியில் உள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனை விடவும் இருநூறு மடங்குக்கும் அதிகமான வலிமையுடன் பிணைந்துகொள்வது. தலைவலி, குமட்டல், அயர்ச்சி என்றே அது தன்னை வெளிப்படுத்தும். நீண்ட தூரம் கார் ஓட்டிய களைப்பும் அப்படித்தான் இருக்கும் என்பதே இதில் உள்ள பேராபத்து.

இதன் அளவை ஓரளவு மதிப்பிட்டுப் பார்க்கலாம். 1975 ஆகஸ்ட் முதல் 1986 ஜூலை வரையான காலத்தில் பாவனைக்கு வந்த பெற்றோல் கார்களின் புகையில் 4.5 சதவீதம் வரை காபனோரொட்சைட்டு இருப்பதைப் பிரித்தானியாவின் தகுதிச் சோதனை விதிகள் அனுமதிக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகம் வகுத்திருக்கும் அளவோ பத்து இலட்சத்தில் 1,200 பங்கு, அதாவது 0.12 சதவீதம். சட்டம் அனுமதிக்கும் புகையில் அந்த அளவை விட 37 மடங்குக்கும் கூடுதலான நச்சு இருக்கமுடியும். புகை உள்ளே வரும்போது காற்றுடன் கலந்து ஐதாகும் என்பது உண்மையே. ஆனால், எத்தகைய சிறிய கசிவையும் அலட்சியம் செய்யமுடியாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனித் தூய்மைவாதிகளின் வாதங்களுக்கு வருவோம். தொழிற்சாலை வழங்கிய ஏற்பாடே புனிதமானது என்பது அவற்றில் முதலாவது. அந்தத் தொழிற்சாலைகளே தமது ஏற்பாட்டைப் புனிதமாகக் கருதவில்லை என்பதுதான் வரலாறு. புகைக்குழாய் வெப்பம் மாத்திரம் போதாது என்பதனால் ஆரம்பகால 911 கார்களில் பெற்றோலை எரித்து இயங்கும் தனியான வெப்பமூட்டி ஒன்றும் பொருத்தப்பட்டது. அதே வம்சத்தில் வந்த வொக்ஸ்வாகன் பீற்றில் காரில், இயந்திரத்தின் மீது பட்டு எண்ணெய் மணத்துடன் வந்த சூடான காற்றே நீண்டகாலம் நேரடியாக உள்ளே அனுப்பப்பட்டது. 1963 மாதிரிகளில் இருந்துதான் புதிய காற்றைத் தனியாகச் சூடாக்கி அனுப்பும் முறை வந்தது. அமெரிக்காவின் செவ்ரலே கோர்வெயர் காரில் 1960 ஆம் ஆண்டில் பெற்றோல் வெப்பமூட்டியே வழங்கப்பட்டது. அடுத்த வருடமே இயந்திரத்தின் சூடான காற்றைப் பயன்படுத்தும் முறைக்கு அது மாறியது. எந்தப் பொறியியலாளரும் இந்தப் பிரச்சினைக்கு இறுதித் தீர்வைக் கண்டுவிட்டதாக நினைக்கவில்லை. அவர்கள் தற்காலிகமாகச் செய்தவற்றை அரை நூற்றாண்டுக்குப் பிறகு வேதவாக்காக மாற்றியவர்கள் இரசிகர்களே.

இந்தத் தூய்மைவாதத்தில் உள்ள இரட்டை அளவுகோல் இன்னும் விசித்திரமானது. இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதற்காக வெப்ப உறைகளை முற்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, பந்தயக் கார்களுக்குரிய வெறும் குழாய்களைப் பொருத்தியவர்கள் ஏராளம். அதை எவரும் மரபு மீறல் என்று கண்டிப்பதில்லை. வீரம் என்றே மெச்சுகிறார்கள். புதிய டயர்கள், இலத்திரனியல் தீப்பொறி முறை, பிரகாசமான முன்விளக்குகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய கார்களுக்குப் பின்னாளில் பொருத்தப்பட்ட ஆசனப்பட்டிகளை எதிர்த்து எவரும் போர்க்கொடி தூக்கியதில்லை. வேகத்துக்காக வெப்பத்தைத் துறப்பது மரபு, உயிருக்காக வெப்பத்தைச் சேர்ப்பது துரோகம் என்பது எந்த ஊர் நியாயம்?

பழைய வாகனங்களின் பாதுகாப்புக்காக 1966 இல் தொடங்கப்பட்ட சர்வதேச சம்மேளனமான பீவா, தூரின் சாசனம் என்ற ஆவணத்தை 2012 இல் ஏற்றுக்கொண்டது. மாற்றம் எதையுமே செய்யக்கூடாது என்று அது கட்டளையிடவில்லை. அவசியமான மாற்றங்கள் மூல அமைப்பையும் தோற்றத்தையும் குலைக்காதவையாக, மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவையாக இருக்கவேண்டும், கழற்றிய பாகங்களைப் பேணவேண்டும் என்பதே அதன் நிலைப்பாட்டின் சாரம். உடலில் ஒரு துளையும் இடாமல் பொருத்தி, ஒரே நாளில் கழற்றிவிடக்கூடிய மின்சார வெப்பமூட்டி இந்த நிபந்தனைகளுக்கு எந்த வகையில் முரணானது?

இரண்டாவது வாதம் ஓரளவு கனதியானது. கறள் பிடித்த உறைகளை அகற்றிவிட்டுத் துருவேறா உருக்கினாலான புதிய உறைகளைப் பொருத்தினால் பிரச்சினை தீர்ந்துவிடும், எந்த மின் சாதனமும் தராத வெப்பத்தை அவை தரும் என்கிறார்கள். அது உண்மை. வசதியுள்ளவர்கள் அதைத் தாராளமாகச் செய்யட்டும். ஆனால், அந்தச் செலவைத் தாங்கமுடியாதவருக்கு இவர்கள் சொல்லும் வழி என்ன? ஓட்டை விழுந்த உறைகளுடன் ஓடுவதா, நெம்புகோலைத் தாழ்த்தி வைத்துவிட்டுப் பனிமூட்டம் படிந்த முன்கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டு ஓடுவதா? இரண்டுமே வீதியில் செல்லும் ஏனையோருக்கும் ஆபத்தானவை. பிரித்தானியாவில் 2018 மே 20 முதல், கணிசமான மாற்றங்களுக்கு உட்படாத, நாற்பது வருடங்களுக்கு மேற்பட்ட கார்களுக்கு வருடாந்தத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. வாகனத்தின் அடிப்பகுதியை வருடத்துக்கு ஒரு தடவையாவது வேறொருவர் பார்க்கும் வாய்ப்பும் அத்துடன் போய்விட்டது.

தூய்மைவாதிகளைக் கண்டிப்பதனால் மறுதரப்பில் நிற்கும் வியாபாரிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் கருதவேண்டியதில்லை. சிகரெட் பற்றவைக்கும் துவாரத்தில் செருகும் 150 வாற்றுச் சாதனங்களை 'நிமிடத்தில் சூடு' என்று சொல்லி விற்பது பகற்கொள்ளை. சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடலே ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளியிடுகிறது. அந்தச் சாதனத்தை வாங்குவதும் பின் இருக்கையில் ஒன்றரை ஆளை ஏற்றிக்கொள்வதும் ஒன்றுதான். அதேவேளை அது 12.5 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. முதுமையடைந்த வயர்கள் அதனால் சூடேறும், கார் சூடேறாது.

மின்சாரம் மாயவித்தை செய்வதில்லை. அதற்குக் கணக்கு உண்டு. ஆரம்பகால 911 இன் மின்பிறப்பாக்கியின் திறன் 490 வாற்று. பின்னர் அது 770 வாற்றாக உயர்ந்தது. 1980 களின் நடுப்பகுதியில் வந்த 3.2 கரேரா மாதிரியில் 90 அம்பியர் வரை கிடைத்தது. இவை இயந்திரம் வேகமாகச் சுழலும்போது கிடைப்பவை. நெரிசலில் நிற்கும்போது மிகவும் குறைவு. விளக்குகள், துடைப்பான்கள், தீப்பொறி முறை ஆகியவற்றுக்குப் போக மீதமிருப்பதே வெப்பத்துக்கு. 1,000 வாற்று வெப்பமூட்டி 70 அம்பியருக்கு மேல் கேட்கும். அதை 490 வாற்றுக் காரில் பொருத்துபவர் வீதியோரத்தில் செத்துப்போன பற்றரியுடன் நிற்கவேண்டியதுதான். 6 வோல்ற்று மின்சாரத்தில் ஓடும் போர்ஷே 356 போன்ற கார்களில் நிலைமை இன்னும் மோசம்.

எனவே, செய்வதைத் திருந்தச் செய்யவேண்டும். முதலில் ஆளைச் சூடாக்க வேண்டும், காற்றை அல்ல. இருக்கை உறையின் கீழ் வைக்கும் வெப்ப விரிப்புகள் இரண்டுக்கும் சேர்த்து 100 முதல் 150 வாற்று வரை போதும். அந்த வெப்பம் முழுவதும் உடலுக்கே கிடைக்கிறது. அடுத்தது முன்கண்ணாடி. வெளிக்காற்றை இழுத்துச் சூடாக்கிக் கண்ணாடியின் மீது செலுத்தும் சிறிய பீங்கான் வகை வெப்பமூட்டி இதற்கு ஏற்றது. சூடு கூடக்கூட அதன் மின்தடை உயர்ந்து மின்னோட்டம் தானாகவே குறைவதனால், சிவக்கப் பழுக்கும் கம்பிச்சுருளை விடவும் அது பாதுகாப்பானது. அதற்குப் பற்றரியில் இருந்து நேராகத் தடித்த வயரும் தனியான உருகியும் தேவை. அதற்கு மேல் வெப்பம் வேண்டுமானால் மின்பிறப்பாக்கியை மாற்றியாக வேண்டும்.

நோர்வே, சுவீடன் போன்ற நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு வேறொரு வழியும் தெரிந்திருக்கும். புறப்படுவதற்கு முன்னர் வீட்டு மின்சாரத்தில் கார்களின் உட்பகுதியைச் சூடாக்குவது அங்கு நீண்டகால வழக்கம். அதற்கென்றே தயாரிக்கப்பட்ட, 1,000 வாற்றுக்கும் மேற்பட்ட சாதனங்கள் கிடைக்கின்றன. உறைந்த கண்ணாடியும் இருக்கைகளும் காரின் பற்றரியில் இருந்து ஒரு துளி மின்சாரத்தையும் எடுக்காமலேயே சூடாகிவிடும். வீட்டு அறைக்குரிய வெப்பமூட்டியை இருக்கையில் வைத்துவிட்டுப் போவது வேறு விடயம். அது தீயை அழைப்பதாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சார வெப்பமூட்டியைப் பொருத்திய மாத்திரத்தில் பழைய ஆபத்து நீங்கிவிடாது. பழுதடைந்த உறைகளில் இருந்து உள்ளே வரும் பாதையை முறையாக அடைக்கவேண்டும். இயந்திரத்தைக் குளிரச்செய்யும் காற்று அந்த வழியாக வீணே கசியாதவாறு விசிறிப் பக்கத்து வாயிலையும் மூடவேண்டும். பற்றரியில் இயங்கும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் காருக்குள் வைக்கவேண்டும். அதன் விலை ஒரு தடவை பெற்றோல் நிரப்பும் செலவை விடவும் குறைவு.

பழைய கார் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் சிலை அல்ல. ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருளை ஓடவிடாமல் முடக்குவதை விடவும் பெரிய மரபு மீறல் வேறில்லை. குளிருக்கு அஞ்சி ஆறு மாதங்களுக்குக் கொட்டகையில் பூட்டி வைப்பதும், ஏலத்தில் விலை குறைந்துவிடுமோ என்று அஞ்சிப் புகையைச் சுவாசிப்பதும் காரை நேசிப்பவர்களின் செயல்களாக இருக்கமுடியாது. கழற்றிய பாகங்கள் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கும் வரை மூலத்தன்மையை எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம். போன உயிரை எந்தத் தொழிற்சாலையும் உதிரிப்பாகமாக வழங்கப்போவதில்லை.