நீச்சல் தெரியாத தவளை

“மிஸ், தவளைக்கு நீச்சல் தெரியாதா?”

ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்வி வராத ஆண்டு இல்லை. ஒன்பது ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் லேபில் பத்து கம்ப்யூட்டர்கள், ஓடுவது ஆறு. ஒன்றுக்கு ஐந்து பிள்ளைகள் முட்டிமோதி உட்கார்ந்து, ஸ்கிராட்ச் மென்பொருளில் ஒரு விளையாட்டைத் தாங்களே செய்து முடிக்க வேண்டும். நான் கொடுப்பது எப்போதும் ஒரே விளையாட்டு: ஃபிராகர். ஒரு தவளை சாலையைக் கடந்து, ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையில் உள்ள வீட்டுக்குப் போக வேண்டும். லாரியில் அடிபட்டால் சாகும். அதைப் பிள்ளைகள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆற்றில் விழுந்தாலும் சாகும் என்றதும் பொறுப்பதில்லை. வாய்க்காலிலும் வயலிலும் தவளை பிடித்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

ஃபிராகர் 1981-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் உருவாக்கியது. ஒசாகாவில் ஜூக்பாக்ஸ் வாடகைக்கு விட்டும் பழுதுபார்த்தும் தொழிலைத் தொடங்கிய நிறுவனம் அது. விளையாட்டை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனது சேகா. அப்போது காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் சுடும் விளையாட்டுகளுக்குப் பெரிய மவுசு. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கிளப்பிவிட்ட மோகம் அது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்ற ஃபிராகர் இயந்திரத்தில் ஆடுவதற்கு இருந்தது ஒரே ஒரு கைப்பிடி. முன்னே, பின்னே, இடம், வலம், அவ்வளவுதான். சுடுவதற்குப் பொத்தானே கிடையாது.

“எதுல மிஸ் சுடறது?” இதுவும் ஆண்டுதோறும் வரும் கேள்விதான். எதிலும் சுட முடியாது, தாவத்தான் முடியும் என்பேன். முகம் வாடிப்போகும். பத்து நிமிடத்தில் அதை மறந்து கத்திக்கொண்டிருப்பார்கள்.

நீச்சல் கேள்விக்கு வருகிறேன். தவளை நீந்தினால் விளையாட்டின் பாதி காணாமல் போகும். சாலையில் எதைத் தொட்டாலும் சாவு. ஆற்றிலோ எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் உயிர். மரக்கட்டை மேலோ ஆமை முதுகிலோ நிற்க வேண்டும். அந்த ஆமைகளிலும் சில திடீரென்று மூழ்கிவிடும். திரையின் கீழ்ப்பாதியில் கற்றுக்கொண்ட விதி மேல்பாதியில் அப்படியே தலைகீழ். இதை விளக்க ஒரு வரி எழுத்துகூடத் தேவையில்லை. இரண்டு முறை செத்தால் யாருக்கும் புரிந்துவிடும். ஆறு என்று பெயர் வைத்ததால்தான் நமக்கு நெருடுகிறது. அதைப் பள்ளம் என்று நினைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும்.

பிள்ளைகள் செய்யும் முதல் தவறும் ஆற்றில்தான். தவளை கட்டை மேல் ஏறும். கட்டை நகர்ந்து போய்விடும். தவளை மட்டும் அந்தரத்தில் நின்று, அடுத்த நொடி முழுகும். போன மாதம் ஒரு குழு இதில் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் தினமும் டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பையன் சொன்னான்: “பஸ்ல நாம சும்மாதானே நிக்கிறோம், பஸ் போனா நாமளும் போறோம்ல? அப்ப கட்டையோட ஸ்பீடைத் தவளைக்கும் குடுக்கணும்.” சார்பு இயக்கத்தை நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க மாட்டேன்.

இந்த விளையாட்டை அகிம்சைக் காவியம் என்று நான் சொல்லவில்லை. தவளை நொடிக்கு நொடி நசுங்குகிறது. கொடுக்கப்பட்ட நேரத்துக்குள் வீடு சேராவிட்டாலும் உயிர் போகும். சில்லறைக் காசை விழுங்குவதற்கென்றே செய்த இயந்திரம் அது. சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். ஆனால் ஆடுகிறவன் கையில் அது கொடுத்தது ஆயுதமல்ல, பார்வை. எந்த வண்டி எவ்வளவு வேகம், எங்கே இடைவெளி விழும், இப்போது தாவலாமா, பின்வாங்கலாமா. முன்னேறுவதற்காக ஓரடி பின்னால் போகலாம் என்பதை என் வகுப்பில் எந்தப் பாடமும் இவ்வளவு சுலபமாகக் கற்றுத் தரவில்லை.

அதன் வாழ்வும் நீண்டது. 1982-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை அட்டாரி 2600 கருவிக்குக் கொண்டுவந்தது. அந்தக் கருவியின் தற்காலிக நினைவகம் மொத்தம் 128 பைட். இந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்திகூட அதில் அடங்காது. ஆனால் தவளையும் லாரியும் ஆறும் அதை வைத்தே ஓடின. 1998-இல் ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஃபிராகரை வைத்தே ஓர் அத்தியாயம் வந்தது. ஜார்ஜ் என்ற பாத்திரம், பள்ளி நாளில் தான் எடுத்த சாதனைப் புள்ளிகள் அழிந்துவிடாமல் காப்பாற்ற, அந்த இயந்திரத்தையே தள்ளிக்கொண்டு வாகன நெரிசலுக்குள் தெருவைக் கடப்பான். கேமரா மேலிருந்து பார்க்கும், அவனே தவளை. கடைசியில் லாரி மோதி இயந்திரம் நொறுங்கும்.

2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிராஸி ரோட், தவளைக்குப் பதில் கோழியை வைத்தது. என் மாணவர்களில் பலர் அதை அப்பாவின் செல்போனில் ஆடியவர்கள். அழகான விளையாட்டுதான். ஆனால் அதில் வீடு இல்லை. சாலை முடியவே முடியாது. நின்று யோசித்தால் கழுகு வந்து தூக்கிப்போகும். ஃபிராகரில் ஐந்து தவளைகளை ஐந்து வீட்டில் சேர்த்தால் ஒரு சுற்று முடியும். முடிந்தது என்று மூச்சுவிடலாம். இன்றைய செல்போன் விளையாட்டுகள் பிள்ளைகளிடமிருந்து முதலில் பறித்தது அந்த மூச்சைத்தான் என்று நினைக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: “வீட்லதான் எப்பப் பாத்தாலும் கேம். ஸ்கூல்லயும் அதையேதான் சொல்லித் தர்றீங்களா டீச்சர்?” அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆடுவது வேறு, செய்வது வேறு. லாரிக்கு வேகம் வைக்கும் பிள்ளைக்கு, ஒரு விளையாட்டு தன்னை எங்கே இழுத்துப் பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்கிராட்ச் இலவசம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். இந்தக் கோடை விடுமுறையில் செல்போனைப் பிடுங்கிவைக்கும் முன், பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தவளையைச் சாலை கடக்க வையுங்கள். ஆற்றங்கரைக்கு வந்ததும் உங்களிடமும் அந்தக் கேள்வி வரும். பதிலைச் சொல்லிவிடாதீர்கள், தவளைக்கு நீச்சல் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டு எங்கே கெட்டது என்று அவர்களே வந்து சொல்வார்கள்.