நான்காம் எண் கருவி

எங்கள் பௌதிகத் துறையின் பிரயோகசாலையில், வெளிச்சம் புகாதபடி கறுப்புத் திரையிட்ட சிறிய அறையில், சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் வரிசையாக நிற்கும் ஆறு நிறமாலைமானிகளுள் நான்காவதை, புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், எவரும் சொல்லாமலே ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் தம் கையால் இயக்கிப் பார்த்தார். முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக் கோணம் 48 பாகையை ஒட்டி வர வேண்டும். அவருக்கு ஒருமுறை 45 பாகையும், மறுமுறை நாற்பத்தாறரைப் பாகையும் வந்தன. தொலைநோக்கியை வட்ட அளவுகோலோடு பிணைக்கும் திருகின் மரை தேய்ந்து, தொலைநோக்கியைத் திருப்பும்போதெல்லாம் அது அளவுகோலை விட்டுச் சற்றே நழுவிக்கொண்டிருந்தது. பழைய கருவிக்கு இது இயல்பான நோவு. அதைக் குறித்து வியப்பதற்கில்லை. அவர் அலமாரியைத் திறந்து, அதே கருவியில் பயின்ற மூன்றாண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினாரே, அப்போது கண்டதுதான் எங்கள் எல்லோரையும் தலைகுனிய வைத்தது. ஒவ்வொரு நோட்டிலும் 48 பாகைக்கு உரிய ஒளிவிலகல் எண் 1.62, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் ஆசிரியர் கையொப்பம். அவற்றுள் சில என்னுடையவை.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு மாணவியைக் கேட்டபோது, அவள் ஒளிக்கவில்லை. "நாலாம் நம்பர் வந்தா, மூணாம் நம்பர்ல இருக்கறவங்ககிட்ட ரீடிங் வாங்கிக் கொஞ்சம் மாத்தி எழுதிடுவோம் சார். சீனியர் அக்காங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள். ஆய்வக உதவியாளரோ, "சொல்லணும்னுதாங்க ஐயா இருந்தேன், யாரும் கேக்கலியே" என்றார்.

அந்த ஆண்டில்தான் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய மதிப்பீட்டு அவையின் குழு வருவதை முன்னிட்டு எங்கள் துறையின் கோப்புகள் அனைத்தும் செவ்வையாக அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பாட விளைவுகளின் அட்டவணை இருந்தது. மாணவர் கருத்துப் படிவங்கள் இருந்தன. அகத்தர உறுதிக் குழுவின் கூட்டக் குறிப்புகள் இருந்தன. இருப்புப் பதிவேட்டில், "நிறமாலைமானி – 6, சரிபார்க்கப்பட்டது" என்றும் இருந்தது. ஆறு என்பது உண்மைதான். எண்ணிப் பார்த்தவர் எண்ணினார்; இயக்கிப் பார்ப்பது யாருடைய கடமை என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. அந்தச் செய்முறைத் தாளில் மாணவர் பெற்ற மதிப்பெண்களைக் கொண்டு கணக்கிட்டபோது, கற்றல் விளைவு 'உயர்நிலை' எய்தப்பட்டதாக அட்டவணை கூறியது. மதிப்பெண் பிறந்த வழியை அட்டவணை அறியாது.

நம் நாட்டில் கல்வித் தரம் என்ற பேச்சு நெடுங்காலம் பரீட்சை என்ற பேச்சாகவே இருந்துவந்தது. 1857-இல் லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலை, முதற் சில பத்தாண்டுகள் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே இயங்கியது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில், நம் லட்சுமணசுவாமி முதலியாரும் அங்கம் வகித்த கல்விக் கமிஷன், 1949-இல் அளித்த அறிக்கையில், சீர்திருத்தங்களுள் தலையாயதாகப் பரீட்சை முறையின் சீர்திருத்தத்தையே கருதியது. பிறகு 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழு பெங்களூரில் நிறுவிய தேசிய மதிப்பீட்டு அவை, பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் நலம், நிர்வாகம், நற்செயல்முறைகள் என ஏழு அளவைகளை வகுத்து, ஒரு கல்வி நிலையத்தின் முழு வாழ்வையும் நோக்க முற்பட்டது. வெளியார் ஒருவர் வந்து பார்ப்பார் என்ற எண்ணமே எத்தனையோ துறைகளில் தூசி படிந்த நூலகங்களைத் திறக்கச் செய்திருக்கிறது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆயினும் அதே நிறமாலைமானியில் எதிரெதிராக இரண்டு வெர்னியர்கள் பொருத்தப்பட்டிருப்பதை நான் அடிக்கடி எண்ணிக்கொள்கிறேன். அளவுகோலின் மையமும் சுழலும் அச்சும் இம்மியும் பிசகாமல் ஒன்றியிருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாதாகையால், இரு பக்கமும் படித்துச் சராசரி காண வேண்டும் என்பது விதி. முதுகலை விடைத்தாளை இருவர் தனித்தனியே திருத்துவதும், இருவருக்கும் வேற்றுமை மிகுந்தால் மூன்றாமவரிடம் தாள் செல்வதும் இந்த நியாயத்தினால்தான். வெளியிலிருந்து வரும் குழு ஒரு பக்கத்து அளவை. மறு பக்கத்தை நாமே படித்தாக வேண்டும். நாங்கள் படிக்காமல் இருந்தோம்.

ஒருவர் பொறுப்பிலுள்ள சோதனையை மற்றொருவர் செய்து பார்க்கலாமா என்று அதன் பின்னர் எங்கள் துறைக் கூட்டத்தில் நடந்த விவாதம் எளிதாக இருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவர், தம் பொறுப்பிலுள்ள சோதனையை மற்றொருவர் செய்து பார்ப்பது தம்மைச் சந்தேகிப்பதாகும் என்று மனம் வருந்திப் பேசினார். அவருடைய வருத்தம் உண்மையானது. தரம் காப்பது வேவு பார்ப்பதாக மாறிவிட்டால், துறை துறையாக இராது. துறைத் தலைவர் பதில் சொல்லவில்லை. தம் பொறுப்பிலிருந்த ஊசல் சோதனையின் சாவியை எடுத்து அந்த இளம் விரிவுரையாளரின் முன் வைத்து, "முதலில் என்னுடையதைப் பாருங்கள்" என்றார். அதற்குமேல் வாதம் நடைபெறவில்லை.

ஆகவே, கல்லூரி திறப்பதற்கு முந்திய வாரத்தில், ஒவ்வொரு சோதனையையும் அதற்குப் பொறுப்பல்லாத ஆசிரியர் ஒருவர் முழுவதும் செய்து, வந்த அளவுகளை வந்தபடியே ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். ஆய்வக உதவியாளருக்கும் அதில் ஒரு பத்தி உண்டு, அவருடைய சொல்லிலேயே அது எழுதப்படுகிறது. வினாத்தாளையும் அவ்வாறே, அச்சுக்குப் போகுமுன் வேறொருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு விடையெழுதிப் பார்க்கிறார். மாணவர் கருத்துப் படிவத்தில் வரும் குறை ஒவ்வொன்றுக்கும் எதிரே, செய்தவர் பெயரும் தேதியும் எழுதப்படுகின்றன. செய்ய இயலாததை இயலாதென்றே எழுதுகிறோம்.

திருகு மாற்றப்படும்வரை நான்காம் எண் கருவியை அகற்றிவிட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். அந்தப் பருவத்தில் அதில் பயின்ற ஒரு மாணவன், கோணம் 45 பாகை 20 கலை என்று எழுதி, ஒளிவிலகல் எண்ணை 1.59 எனக் கணக்கிட்டு, தொலைநோக்கி எங்கே நழுவுகிறது என்பதைப் பென்சிலால் படமும் வரைந்து கொண்டுவந்து, அதை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டுமோ என்ற அச்சத்தோடு என் மேசை அருகே நின்றான். நான் நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தில் பத்துக்குப் பத்து எழுதிக் கையொப்பமிட்டேன்.