பளபளப்பும் சேதாரம்தான்!

ஒக்கூர், காரைக்குடி பக்கத்து வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால், வெள்ளிச் சாமான்களுக்கு நடுவே ஒரு பழைய கைக்கடிகாரம் தட்டுப்படுவது உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன ஐயா கட்டியிருந்தது. 1865-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட ஃபேவர் லூபாவாக இருக்கலாம். வெஸ்ட் எண்டாக இருக்கலாம். அப்பா காலத்து வாட்ச் என்றால் பெரும்பாலும் எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தயாரிக்கத் தொடங்கியது.

வீட்டில் கல்யாணம் வருகிறது. பேரன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். ‘புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க’ என்று கடையில் கொடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

நகை வாங்கும்போது சேதாரத்துக்கு அவ்வளவு பேரம் பேசுகிறோம். வாட்ச் பாலிஷில் போகும் சேதாரத்தை யாரும் கேட்பதில்லை. பாலிஷ் என்பது அழுக்கை எடுப்பதல்ல. கீறல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகத்தையும் வழித்தெடுப்பது. சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்து அழுத்தினால் முதலில் தேய்வது கூர்மையான ஓரங்கள்தான். பட்டை கோத்திருக்கும் நான்கு கொம்புகளும் மழுங்கி, நக்கித் தின்ற மிட்டாய் போல ஆகிவிடும்.

முலாம் பூசிய வாட்ச் என்றால் கதை இன்னும் மோசம். 20 மைக்ரான் தங்க முலாம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இரண்டு முறை பாலிஷ் போட்டால் உள்ளே இருக்கும் பித்தளை பல்லிளிக்கும். குரோம் பூசிய மலிவு வாட்சுகளுக்கும் இதே கதிதான்.

போவது அழகு மட்டுமல்ல, அடையாளமும்தான். பழைய சுவிஸ் 18 காரட் தங்கக் கேஸ்களில் பெண் தலை உருவம் ஒன்று பொடியாகக் குத்தப்பட்டிருக்கும். தங்கத்துக்கு அதுதான் சாட்சி. பின்மூடியில் பொறித்த எண், திருமணப் பரிசாக வந்ததென்றால் பெயர், தேதி எல்லாம் மேலோட்டமான பொறிப்புகள். தேய்ந்தால் திரும்பி வராது. சேகரிப்பவர்கள் கீறல் விழுந்த, ஓரம் கூராக இருக்கும் கேஸுக்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள். கண்ணாடி மாதிரி மின்னும் 60 வருட வாட்சைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

ஏற்கெனவே பாலிஷ் போட்டிருக்கிறார்களா? நான்கு கொம்புகளும் ஒரே தடிமனில் இருக்கின்றனவா, பின்மூடி எழுத்து நகத்தில் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். பாதி விடை கிடைத்துவிடும்.

அதற்காகத் தொடவே கூடாது என்பதில்லை. மெஷினுக்கு சர்வீஸ் அவசியம். காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் சக்கரங்கள் தேயும். வெளியே பட்டையைக் கழற்றி, இடுக்கில் சேர்ந்த வியர்வை அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே முகம் தெளிந்துவிடும். பிளாஸ்டிக் கண்ணாடியைத் தாராளமாகப் பாலிஷ் போடலாம். தேய்ந்தாலும் வேறு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பல கடைகளில் சர்வீஸுக்குக் கொடுத்தால், கேட்காமலேயே இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தருவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். கொடுக்கும்போதே ‘கேஸில் கை வைக்க வேண்டாம்’ என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.