பள்ளிக்கூடக் கணக்கைப் பிள்ளைகளிடம் காட்டினால் என்ன?



நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போன வருடம் எதற்கு எவ்வளவு செலவு என்று அங்கே படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். விழிக்கும். அது கிடக்கட்டும், உங்களுக்காவது தெரியுமா?

ஓர் ஊரில் ஜமாஅத்தார் நடத்தும் பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். வாசலில் பளிங்குக் கல்லில் வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க இடமும் விட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். "ஹஜ்ரத், பொம்பளைப் புள்ளைங்க கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்ல. நிர்வாகத்துல சொல்வீங்களா?" என்றாள். ஒரு தாழ்ப்பாள் என்ன விலை? அந்தப் பிள்ளையை முன்பே கேட்டிருந்தால் வளைவுக்கு முன் அது வந்திருக்குமே!

'சின்னப் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றி என்ன தெரியும்?' என்பார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது அதன் வேலை. மீதமுள்ள கால்வாசி இடங்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளூர்க் கல்வியாளர்களுக்கோ அப்பள்ளி மாணவர்களுக்கோ தரலாம் என்கின்றன மத்திய அரசின் 2010 விதிகள்.

சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் 2014 வரை இக்குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான் இருந்தது. 2012 திருத்தம் அது. சுயநிதிப் பள்ளிகளுக்குக் குழுவே கட்டாயமில்லை. இதைக் கேட்டு நம் நிர்வாகிகள் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள்! அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு தந்த உரிமையை விட்டுக்கொடுக்க யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் கணக்கை மறைப்பதற்கா அந்த உரிமை?

பிரான்சின் புவாத்து-ஷாராந்த் பிராந்தியத்தில் 2005-ல் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளிகளுக்கான பணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி யூரோ. மாணவர், ஆசிரியர், பெற்றோர், ஊழியர் எல்லோரும் கூடித் தேவைகளைச் சொன்னார்கள். அதிகாரிகள் செலவைக் கணக்கிட்டுத் தந்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஓட்டு.

நமக்குக் கோடி வேண்டாம். 10,000 ரூபாயை ஒதுக்குங்கள். பிள்ளைகளே கடைக்குப் போய் விலை விசாரித்து வரட்டும், ஓட்டுப் போட்டு வாங்கட்டும், பில்லை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். மின்விசிறியை விட்டுவிட்டுக் கிரிக்கெட் மட்டை வாங்குவார்களே என்கிறீர்களா? வாங்கட்டும். ஜூன் மாதப் புழுக்கத்தில் அவர்களே உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். பொதுப்பணம் என்ற அமானிதத்தை அவர்கள் வேறெங்கே பழகுவது?

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று நமக்கு எழுதுங்கள்.